எது மேடம்?

பாடம் நடத்தும் என் குரலை நானே முதன்முதலாகக் கேட்டது ஒரு மாணவனின் போனில்தான். அரசுக் கலைக் கல்லூரி, பி.ஏ. பொருளியல் முதலாண்டு, தமிழ்வழி. அவனுக்குப் பார்வை கிடையாது. வகுப்புகளைப் பதிவு செய்து இரவு விடுதியில் போட்டுக் கேட்பான். ஒருநாள் மதியம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, "இந்த எடம் மட்டும் சொல்லுங்க மேடம்" என்று போனை நீட்டினான்.

"இது இப்படி எறங்கி வருது. இது இப்படி ஏறுது. இங்க வந்து இதை வெட்டுது பாருங்க, இதான் சமநிலை. வெலை இதுக்குக் கீழ போனா? இது இவ்ளோ, அது அவ்ளோ. புரிஞ்சுதா?"

அறுபது பேரும் கோரஸாகப் "புரிஞ்சுது மேடம்" என்கிறார்கள். எனக்கே புரியவில்லை. எந்த விலைக்கு மக்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்ற தேவைக் கோடும், விற்பவர்கள் எவ்வளவு கொண்டுவருவார்கள் என்ற அளிப்புக் கோடும்: பதினாறு வருஷமாக நடத்தும் பாடம் அது.

2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக் கல்லூரியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் உண்டு. சொல்வதை எழுத ஆள் வைத்துத் தேர்வு எழுதுபவருக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் 'இது' என்று சொல்லாதே என்று எனக்கு எந்த அரசாணை வரப்போகிறது?

அன்று மாலை ஒரு தடித்த அட்டையில் தேவைக் கோட்டுக்குச் சணலும் அளிப்புக் கோட்டுக்கு நைலான் கயிறும் ஃபெவிகாலால் ஒட்டினேன். விரலுக்கு இரண்டும் வேறுவேறாகத் தெரிய வேண்டுமே. சமநிலைக்குக் கீழே, குறுக்காக ஒரு துடைப்பக் குச்சி. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்களே, அந்த அறுபதுதான் குச்சி. (அது விலைக் கட்டுப்பாடு அல்ல, அரசே வாங்கி விற்றது என்று சக ஆசிரியர் ஒருவர் பிடித்துக்கொண்டார். சரிதான். எடுத்துக்காட்டுக்கு அது போதும்.) குச்சியை நைலானிலிருந்து சணல்வரை தடவிப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "அப்ப இந்த எடைவெளிதான், கியூவுல நின்னுட்டுத் தீந்துபோச்சுன்னு திரும்பிப் போற ஆளுங்களா மேடம்?"

அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. மறுநாள் வகுப்பில் அப்படியே சொன்னேன்.

அப்புறம் முழு வாக்கியமாகப் பேசப் பழகினேன். "விலை நூறிலிருந்து அறுபதுக்கு இறங்கினால் தேவைப்படும் அளவு கூடும், அளிக்கப்படும் அளவு குறையும்." முதல் மாதம் நாக்கு ஒத்துழைக்கவே இல்லை. பாதிப் பாடம்தான் முடிந்தது. வாய் தவறி 'இது' வந்துவிட்டால் பின் பெஞ்சிலிருந்து "எது மேடம்?" என்று ஒரு குரல் வரும். ஆரம்பத்தில் கிண்டல்தான், பிறகு நிஜமாகவே கேட்டார்கள்.

இப்படி நடத்திய வகுப்புகளின் ஒலிப்பதிவு தனக்கும் வேண்டும் என்று முதலில் வந்தவள் நன்றாகப் பார்வையுள்ள ஒரு பெண். "படம் வரைஞ்சிருவேன் மேடம். கீழ விளக்கம் எழுதச் சொன்னா வார்த்தை வராது" என்றாள். எத்தனை விடைத்தாள்களில் படத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டு, 'விளக்கம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்! விளக்கத்தை நான் வாயால் சொன்னதே இல்லை. அவர்கள் எங்கிருந்து எழுதுவார்கள்?

துறையின் நோட்ஸ் கதை வேறு. எல்லாமே பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் மாட்டிய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. திரையில் 'அம்மா' என்று தெரிவதை அவன் போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் 'எம், கே, கே, எச்' என்று வாசிக்கும். வாட்ஸ்ஆப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் அதுவும் இல்லை. தமிழைத் தமிழாகவே போன் படிக்கும் யூனிகோடுக்கு மாற்ற ஆரம்பித்தேன். மாற்றும் மென்பொருளில் போட்டாலும் அட்டவணைகள் குலைந்துவிடுகின்றன, ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கிறது. அவன் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டான். சமநோக்கு வளைகோட்டுப் பாடம் இன்னும் பாமினியிலேயே கிடக்கிறது.