பழைய செஸ்னாவில் இருக்கையைச் சரிசெய்த கதை

எங்களுடையது 1970களில் தயாரான செஸ்னா 172 என்ற சிறிய விமானம். இஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் பறந்தால் தொடை மரத்துப்போகும், இறங்கியதும் இடுப்பை நிமிர்த்தவே சிரமப்பட வேண்டும். மேலே ஒரு குஷனைப் போட்டுக்கொள்ளச் சொன்னவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனியாகக் கிடக்கும் குஷன் வழுக்கும். அது அமுங்க அமுங்க பெல்ட்டும் தளரும். அதனால் இருக்கையையே பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

உறையைக் கழற்றியதும் பழைய ஃபோம் மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. அதைவிட முக்கியமானது கீழே இருந்தது: சட்டத்தில் மாட்டியிருக்கும் வளைவு ஸ்பிரிங்குகளில் ஒன்று கொக்கியிலிருந்து கழன்று தொங்கியது. உடம்பு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்ததற்குக் காரணம் அதுதான். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு உசத்தியான ஃபோம் போட்டாலும் இடுப்பு வலி போயிருக்காது.

இருக்கை வெளியே இருக்கும்போதே மெக்கானிக் சீட் ரெயிலையும், அதாவது இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தையும், பார்த்துவிட்டார். பூட்டும் ஊசி இறங்கும் துளைகள் தேய்ந்துவிட்டால், விமானம் மேலெழும் நேரத்தில் இருக்கை பின்னால் சறுக்கிவிடும். விமானியின் கை யோக்கை, அதாவது விமானத்தை இயக்கும் கைப்பிடியை, பிடித்தபடியே இருந்தால் அதுவும் பின்னுக்கு இழுபட்டு, விமானத்தின் மூக்கு சட்டென்று மேலே தூக்கிக்கொள்ளும். இந்த ரெயில்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ உத்தரவே போட்டிருக்கிறது.

அப்புறம் ஃபோம். மெத்தென்று இருப்பதுதான் சுகம் என்று தோன்றும், ஆனால் மென்மையான ஃபோம் சிறிது நேரத்திலேயே அடிவரை அமுங்கிவிடும். பிறகு நாம் உட்கார்ந்திருப்பது சட்டத்தின் மேல்தான். மோசமாகத் தரையில் மோதினால் ஆபத்து இன்னும் அதிகம். உடம்பு தடையின்றிக் கீழே இறங்கி, கடைசியில் சட்டத்தில் இடிக்கும்போது அந்த அடி முழுவதும் முதுகெலும்புக்குப் போகும். அழுத்தினால் மெதுவாக அமுங்கி மெதுவாக எழும் ஃபோமைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். இன்று மெத்தைக் கடைகளில் மெமரி ஃபோம் என்று விற்கும் வகையே 1966ல் நாசாவுக்காக விமான இருக்கைகளை மனதில் வைத்து உருவாக்கப்பட்டதுதான். அடியில் கெட்டியானது, நடுவில் மிதமானது, மேலே மெல்லியதாக மென்மையான ஒன்று என்று அடுக்கினோம். ஒட்டுவதற்கு முன் அடுக்குகளைச் சட்டத்தில் சும்மா வைத்து, விமானம் நிற்கும் கொட்டகையான ஹேங்கரிலேயே நீண்ட நேரம் உட்கார்ந்து பார்த்தேன். தொடை மரத்துப்போவதற்கு முன்விளிம்பு அழுத்துவதுதான் காரணம் என்பது அப்போது தெரிந்தது. அந்த விளிம்பைச் சாய்வாகச் சீவினோம். மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்தது இந்தச் சீவல்தான்.

முதுகுப் பக்கம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, இடுப்புக்கு மேலே சிறிய மேடு ஒன்று மட்டும்.

கிடைத்த துணியை, ஃபோமை எல்லாம் விமானத்தில் போட முடியாது. எளிதில் தீப்பற்றாது என்பதற்கான சோதனைச் சான்றை இரண்டுக்கும் வாங்கி, விமானத்தின் பதிவேடுகளோடு சேர்த்தோம். சான்று இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மெக்கானிக் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

இருக்கையைத் திரும்ப மாட்டியதும் யோக்கை முழுதாகப் பின்னுக்கு இழுத்து, இரு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். உட்காரும் உயரம் கொஞ்சம் கூடினாலும் தொடை யோக்கில் இடிக்கும். தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க வேண்டிய கடைசி நொடியில் அது பெரிய சிக்கல். பெடல்களை முழுதாக மிதித்துப் பார்த்தேன், தலைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியையும் பார்த்தேன். கண் மட்டம் பழைய இடத்திலேயே இருந்தது.

இப்போது நீண்ட பறப்பிலும் கால் மரத்துப்போவதில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: குளிர்ந்த காலையில் இந்த ஃபோம் கட்டை போல இறுகியிருக்கும், அதனால் உயரம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். உடம்புச் சூட்டில் அது இளகி, நாமும் வழக்கமான மட்டத்துக்கு இறங்கியபின் பெல்ட்டை இன்னொரு முறை இறுக்கிக்கொள்கிறேன்.