சீட்டுப் பைக்கு அடியில் ஒரு ‘ப’

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஞாயிறுதோறும் புதுச்சேரிக்குச் சைக்கிளில் போய் வருகிறேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு கேன்வாஸ் பை. மழைக்கோட்டு, பம்ப், ட்யூப், இரண்டு லிட்டர் தண்ணீர், கட்டுச்சோறு எல்லாம் சேர்ந்து நாலு கிலோ வரும். போன மாதம் ரெட்டிச்சாவடி தாண்டியதும் பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் பையின் அடிப்பக்கம் டயரில் உரசி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து அளந்தேன். சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியிலிருந்து டயர் வரை 21 செ.மீ. காலிப் பை 18 செ.மீ.; நிரப்பினால் தொய்ந்து டயரைத் தொட்டுவிடுகிறது. கேரியர் போடலாம் என்றால் என் பிரேமில் அதற்கான துளைகள் இல்லை.

முதலில் வாங்கியது சீட் போஸ்ட்டை, அதாவது சீட்டைத் தாங்கும் குழாயைப் பிடிக்கும் தாங்கி. அதன் கிளாம்ப் (இறுக்கும் வளையம்) 28.6 மி.மீ., என் போஸ்ட் 27.2. இடைவெளிக்குப் பழைய ட்யூபை வெட்டிச் சுற்றினேன். அது தப்பு. பாரம் ஏறியதும் ரப்பர் வழுக்கி, ஒவ்வொரு வேகத்தடையிலும் தாங்கி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அரியாங்குப்பம் வருவதற்குள் பை இடது தொடையில் இடிக்க ஆரம்பித்துவிட்டது. கார்பன் இழையில் செய்த போஸ்ட் வைத்திருப்பவர்கள் இந்த வகையைத் தொடவே வேண்டாம். இறுக்கினால் விரிசல் விடலாம்.

சரி, சீட்டுக்கு அடியில் ஓடும் இரண்டு கம்பிகளையே பிடிப்போம் என்று முடிவு செய்தேன். இரண்டு இடத்தில் பிடித்தால் தாங்கி திரும்ப வழியில்லை. வெல்டிங் பட்டறையில் 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியை ‘ப’ வடிவில் வளைக்கச் சொன்னேன்.

“சாதாக் கம்பின்னா வெல கம்மி தம்பி.”

“கடக்காத்துக்கு ஒரு மழைக்காலம் தாங்காதுண்ணே.”

சீட்டுக் கம்பி 7 மி.மீ. உருண்டை. அதற்கேற்பக் குடைந்த அலுமினியக் கட்டைகளை 5 மி.மீ. போல்ட்டால் பூட்ட வேண்டும். போஸ்ட்டுக்குப் பின்னால் நேராக இருந்த கம்பி 2 செ.மீ.தான். சீட்டைப் பின்னால் தள்ளினால் இடம் கிடைக்கும்; ஆனால் முழங்காலுக்குப் பழகிய அளவை மாற்ற மனமில்லை. கட்டையையே அரத்தால் தேய்த்துக் குறைத்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க அதுதான் வேலை. போல்ட் மரைகளில் கிரீஸ் தடவினேன். உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் அப்படியே இறுகிப்போகும், பிறகு கழற்ற வராது.

நேற்று புதுச்சேரி போய்த் திரும்பினேன். பை டயருக்கு மேலே 3 செ.மீ. உயரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. தென்பெண்ணைப் பாலத்து இணைப்புகளில் குலுங்கியபோதும் சத்தமில்லை. கம்பி படும் இடத்தில் மட்டும் கேன்வாஸில் லேசாகக் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. முதல் தாங்கியிலிருந்து கழற்றிய ட்யூப் துண்டை அங்கே சுற்றி வைத்திருக்கிறேன்.