கால்வாயில் கசியும் நீர் எங்கே போகிறது? தென்பெண்ணைப் பாசனப் பகுதியில் எங்கள் முதுகலை ஆய்வு

முதுகலைப் புவியியல் மூன்றாம் பருவத்தில் ஆய்வுத் தலைப்பு கேட்கப்பட்டபோது, நானும் வகுப்புத் தோழியர் இருவரும் "தென்பெண்ணை ஆற்றின் நீர்வளமும் பாதுகாப்பும்" என்று எழுதிக் கொடுத்தோம். எங்கள் வழிகாட்டி ஆசிரியை அதை வாசித்துவிட்டு, கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று ஓடிக் கடலூர் அருகே கடலில் சேரும் ஆற்றை எந்த இடத்தில் நின்று பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் எங்கள் ஆய்வின் எல்லையை வகுத்தது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் பேருந்தில் ஏறினால் விரைவில் எட்டிவிடக்கூடிய இடம், தண்ணீர் திறக்கும் நாளும் மூடும் நாளும் தெளிவாகத் தெரிந்த இடம் என்று தேடி, கிருஷ்ணகிரி அணையின் பாசனப் பகுதியில், காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத்தில் ஒரு கால்வாய்த் துண்டையும் அதன் இருபுறக் கிணறுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணை) என்று இங்கே எல்லோரும் சொல்லும் அந்த அணை 1957ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் இருக்கிறது. அதன் உயரம் 52 அடி, கொள்ளளவு சுமார் 1,666 மில்லியன் கன அடி, வலது இடது கால்வாய்கள் வழியாகப் பாசனம் பெறும் ஆயக்கட்டு 9,012 ஏக்கர். இந்த எண்கள் செய்தித்தாளில் ஆண்டுதோறும் அச்சாகின்றன. நாங்களும் பள்ளி நாட்களிலிருந்து படித்தவைதான். ஆனால் அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோதுதான் ஆய்வுக்கான கேள்வி பிறந்தது. நெல்லுக்கு ஒரு போகத்திற்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை என்று வேளாண்மைப் பாடநூல்கள் சொல்கின்றன. ஓர் ஏக்கருக்கு அது சுமார் 48 இலட்சம் லிட்டர். ஆயக்கட்டு முழுவதும் நெல் பயிரிட்டால் தேவைப்படும் நீர் சுமார் 1,545 மில்லியன் கன அடியாகிறது. அதாவது நிறைந்த அணையில் ஏறக்குறைய முழுவதும் ஒரே போகத்திற்குச் செலவாகிவிடும். ஆவியாதலும், அணையில் படிந்த வண்டலும், கால்வாயில் ஏற்படும் இழப்பும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. பெய்யும் மழையும், அணைக்குத் தொடர்ந்து வரும் நீரும் பற்றாக்குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன என்பது உண்மையே. எனினும் இழப்பு என்று ஒரே சொல்லில் தள்ளப்படும் நீர் எவ்வளவு, அது எங்கே போகிறது என்பதை அறியாமல் ஆற்றின் நீர்ப் பயன்பாட்டைப் பற்றி எழுத முடியாது என்று எங்களுக்குத் தோன்றியது.

முதலில் தரவுகளைத் திரட்டினோம். அணையின் நாள்வாரி நீர்மட்டமும் திறப்பு அளவும் வேண்டும் என்று கல்லூரி முதல்வரின் கையொப்பத்துடன் ஒரு கடிதம் கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில் அது நெடுநாள் அசையாமல் கிடந்ததால், பத்து ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். பதில் தர 30 நாள் வரம்பு இருப்பதை ஆய்வு அட்டவணையிலேயே குறித்துக்கொண்டோம். இத்தகைய ஆய்வில் இறங்கும் மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த அளவீடு, எந்த அலகில் வேண்டும் என்பதைக் கேள்வியிலேயே எழுதிவிட வேண்டும் என்பதுதான். கேள்வி பொதுவாக இருந்தால் விடையும் பொதுவாகவே வரும்.

கால்வாயில் கசிவை அளப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் எங்களிடம் இல்லை. மிதவை முறை என்னும் பழைய முறையைப் பின்பற்றினோம். வளைவில்லாத, இடையில் மதகு எதுவும் திறந்திராத ஒரு நீளத்தைத் தேர்ந்து, அதன் தொடக்கத்திலும் முடிவிலும் கால்வாயின் அகலத்தையும் ஆழத்தையும் பல புள்ளிகளில் அளந்து குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட்டோம். பிறகு ஓர் ஆரஞ்சுப் பழத்தை நீரில் விட்டு, குறித்த தூரத்தைக் கடக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பதிவு செய்தோம். ஆரஞ்சு பெரும்பகுதி மூழ்கியே மிதப்பதால் காற்று அதை எளிதில் தள்ளுவதில்லை. மேற்பரப்பில் நீர் அடிப்பகுதியைவிட வேகமாக ஓடும் என்பதால் கிடைத்த வேகத்தை 0.85 ஆல் பெருக்கி, பரப்போடு பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும். மேல்முனை ஓட்டத்திலிருந்து கீழ்முனை ஓட்டத்தைக் கழித்தால் எஞ்சுவது பெரும்பாலும் கசிவு. ஒருமுறை அளந்து நம்பிவிடக் கூடாது என்பதால், ஒவ்வோர் இடத்திலும் பலமுறை விட்டுச் சராசரி எடுத்தோம். முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் தண்ணீர் வரும் நாள், நிறுத்தப்படும் நாள் இரண்டையும் மதகு பார்ப்பவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டதால் பயணம் வீணாகவில்லை.

சிமெண்ட் பூச்சு உள்ள பகுதியைவிட மண்கரைப் பகுதியில் வேறுபாடு தெளிவாக அதிகமாக இருந்தது. அதில் வியப்பில்லை. அந்த நீர் போன இடத்தைக் கண்டறிய நாங்கள் கிணறுகளுக்குச் சென்றதுதான் ஆய்வின் வளமான பகுதி. கால்வாயிலிருந்து விலகிச் செல்லச் செல்ல இருக்கும் கிணறுகளை வரிசையாகத் தேர்ந்து, தண்ணீர் திறப்பதற்கு முன்பும், ஓடும் காலத்திலும், நிறுத்திய பின்பும் நீர்மட்டத்தை அளவுநாடாவில் எடை கட்டி இறக்கி அளந்தோம். ஒரு பெரியவர் எங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "கால்வாயில தண்ணி வந்து நாலு நாள் ஆகட்டும் கண்ணு, என் கிணத்துல ஊத்து தானா திறக்கும், அதை அளந்துட்டுப் போ" என்றார். அவர் சொன்னபடியே அவருடைய கிணற்றில் மட்டம் உயர்ந்தது. கால்வாய்க்கு அருகில் திறந்த கிணறுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. சற்று மேட்டுப் பக்கம் போனால் அதே ஊரில் ஆயிரம் அடிக்குக் கீழே போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டும் தண்ணீர் காணாத நிலங்கள் இருக்கின்றன. இங்கே அடியில் இருப்பது கிரானைட்டும் நைஸ் (gneiss) என்னும் கடினமான உருமாறிய பாறையும். மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கும், பாறையின் வெடிப்புகளும் மட்டுமே நீரைத் தாங்குகின்றன. அந்த மெல்லிய அடுக்குக்கு ஆண்டுதோறும் நீர் ஊட்டுவது மழையும் ஏரியும் மட்டுமல்ல, கணக்கேட்டில் இழப்பு என்று எழுதப்படும் கால்வாய்க் கசிவும்தான் என்பதே எங்கள் ஆய்வின் மையக் கருத்தாக ஆனது.

கிணறுகளிலிருந்து எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதை அறிவது கடினமாக இருந்தது. தமிழ்நாட்டில் வேளாண் மின்சாரம் இலவசம் என்பதால் பார்ப்பதற்கு மின்கட்டண ரசீது இல்லை. ஆகவே 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து, மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் எத்தனை மணி ஓடுகிறது என்று வீட்டாரிடம் கேட்டுப் பெருக்கினோம். ஆண்களிடம் கேட்டால் பயிருக்கான நேரம் கிடைத்தது. பெண்களிடம் கேட்டபோதுதான் மாட்டுக்கும் வீட்டுக்கும் எடுக்கும் நீர், மின்சாரம் நள்ளிரவில் வந்தால் யார் எழுந்து மோட்டார் போடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியவந்தன. பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழி. எங்களில் ஒருத்திக்குத் தெலுங்கு தெரிந்ததால், தமிழில் சுருக்கமாகப் பதில் சொன்ன பாட்டிமார்கள் அவளிடம் கிணற்றின் வரலாற்றையே சொன்னார்கள். கிணற்றை ஆழப்படுத்திய ஆண்டு யாருக்கும் எண்ணாக நினைவில் இல்லை. "அணை மதகு உடைஞ்ச வருஷத்துக்கு முன்னாடி" என்பார்கள். 2017 நவம்பரில் கே.ஆர்.பி. அணையின் மதகு ஒன்று உடைந்து நீர் வெளியேறியதை வைத்து நாங்கள் ஆண்டைக் கண்டுபிடித்துக்கொண்டோம்.

கசிவு கிணற்றுக்கு நீரைக் கொண்டுவருகிறது என்றால், ஆற்றில் கலந்திருப்பதையும் சேர்த்தே கொண்டுவருகிறது. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையில் நீர் திறக்கும்போது நுரை மலையாகப் பொங்குவதை இந்த மாவட்டத்தில் எல்லோரும் அறிவர். அந்த நீர்தான் கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது. எனவே வேதியியல் துறையின் உதவியோடு கால்வாயிலும் கிணறுகளிலும் மாதிரி எடுத்தோம். கரைந்த ஆக்சிஜனுக்கான மாதிரியைக் குமிழி ஒன்றும் தங்காதபடி நிரப்பி, மாங்கனஸ் சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்து ஆற்றங்கரையிலேயே நிலைப்படுத்த வேண்டும். ஆய்வகம் வரை சும்மா எடுத்து வந்தால் வழியிலேயே அளவு மாறிவிடும். புளோரைடுக்குக் கண்ணாடிக் குப்பி ஆகாது, பாலித்தீன் குப்பிதான் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்களில் மஞ்சள் கறையோடு வளர்ந்த தலைமுறைகள் இருக்கின்றன. ஜப்பான் நாட்டு நிதியுதவியுடன் அமைந்து 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (மிகுந்த புளோரைடால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்படும் நோய்) தடுப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய தர நிர்ணயம். எங்கள் மாதிரிகளில் ஆழமான போர்களில் புளோரைடு கூடுதலாகவும், கால்வாயோரத் திறந்த கிணறுகளில் குறைவாகவும் இருந்தது. பாறையோடு நெடுங்காலம் தங்கும் நீரில் புளோரைடு ஏறுவதும், புதிய நீர் ஊறும் இடத்தில் அது நீர்த்துப்போவதும் அறியப்பட்ட இயல்புதான். ஆனால் அதே கால்வாயோரக் கிணறுகளில்தான் நைட்ரேட் உயர்ந்திருந்தது. அதில் ஆற்றின் பங்கு எவ்வளவு, வயலில் இடும் யூரியாவின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எங்கள் தரவு போதாது என்பதை அறிக்கையில் அப்படியே எழுதினோம்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர், கால்வாய்க்கு முழுவதும் சிமெண்ட் பூச வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்டார். கடைமடை விவசாயிக்கு நீர் சேர வேண்டும் என்ற நியாயம் பெரியது. முறை வரும்போது கடைசி வயலுக்கு நீர் எட்டாமல் நாற்று காய்ந்ததை நாங்களே பார்த்தோம். எனினும், முழுவதும் பூசிவிட்டால் கசிவை நம்பியிருக்கும் கிணற்றுக்காரர்கள் ஆழ்துளைக் கிணறுகளுக்கே தள்ளப்படுவார்கள். எனவே பூசுவதற்கு முன் இருபுறக் கிணறுகளின் மட்டத்தையும் தரத்தையும் குறைந்தது இரண்டு போகங்களுக்கு அளக்க வேண்டும், மணற்பாங்கான உடைப்புப் பகுதிகளை முதலில் சரிசெய்யலாம் என்று பதில் சொன்னோம். அதோடு, நெல்லுக்குப் பதில் ஒரு பகுதியில் ராகி பயிரிட்டால் ஏக்கருக்கு 14 இலட்சம் லிட்டர் அளவிலேயே போதும் என்ற கணக்கையும் வைத்தோம். ராகிக்கு நல்ல விலை உறுதியாகாமல் அதை விவசாயியிடம் கேட்பது நியாயமாகாது என்பதையும் சேர்த்தே சொன்னோம்.

அறிக்கையை ஒப்படைப்பதற்கு முன்பே, மார்ச் 22 உலக நீர் நாள் கிராம சபையில், கிணறு தந்த வீடுகளுக்கெல்லாம் அவரவர் கிணற்றின் மட்டமும் நீரின் தரமும் எழுதிய ஒற்றைத் தாளைக் கொடுத்தோம். புளோரைடு மிகுந்த போர்களைக் குடிநீருக்குப் பயன்படுத்த வேண்டாம், ஒகேனக்கல் குழாய் நீரையே குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று தமிழிலும் தெலுங்கிலும் சொன்னோம். அளந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, ஆரஞ்சு விட்ட தொடக்கப் புள்ளிக்கும் முடிவுப் புள்ளிக்கும் கரையில் பெயிண்ட் அடையாளமும் இட்டு, எல்லாவற்றையும் இளைய மாணவியரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அடுத்த முதல் போகத்திற்குத் தண்ணீர் திறக்கும் முன் அதே கிணறுகளை அவர்கள் அளக்கத் தொடங்குவார்கள்.