பெல்ட் லோடரும் வடைச் சட்டி எண்ணெயும்

எனக்கு ஊர் மலேசியாவில் பந்திங். அப்பா தோட்டத்து எண்ணெய் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா சாலையோரம் வடைக்கடை போட்டிருக்கிறார். நான் விமானத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் ஒரு நிறுவனத்தில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். 1998இல் சிப்பாங்கில் திறந்த கோலாலம்பூர் விமான நிலையம், செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில்தான் எழுந்தது. "நீயும் தோட்ட வேலைக்குத்தான்டா போறே" என்று அப்பா கிண்டல் செய்வார்.

சூப்பர்வைசர் பதவிக்குப் பெயர் கொடுத்தேன். முதலில் ஆறு வாரப் பயிற்சியை முடி என்றார்கள். விமானப் பாதுகாப்பு, இணையப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்று மூன்று பகுதி. எல்லாம் இணையம் வழி இரவு வகுப்பு. காசு என் பையிலிருந்து போகவில்லை. நிறுவனங்கள் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டைத் தொழிலாளர் பயிற்சிக்கென்று எச்ஆர்டி கோர்ப் என்ற அமைப்புக்கு லெவி கட்டுகின்றன அல்லவா, அதிலிருந்து எடுத்தார்கள். ஆனால் வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பத்துக்கு ஒப்புதல் வந்துவிட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் கடைசி வாரம்வரை இழுத்தடித்தார்கள். தினமும் போய் மேசை முன்னால் நின்றேன், அப்புறம்தான் வேலை நடந்தது. நீங்கள் போவதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே நச்சரிக்கத் தொடங்குங்கள்.

முதல் பகுதி விமானப் பாதுகாப்பு. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோவின் விதிகளில் பாதுகாப்பைப் பற்றிய 19ஆம் இணைப்பு 2013இல் நடைமுறைக்கு வந்தது, பாதுகாப்பு மேலாண்மைக்கு நான்கு தூண்கள் என்பதெல்லாம் உட்கார்ந்து படித்தால் ஏறிவிடும். நான் மாட்டிக்கொண்டது ஒரு வீட்டுப்பாடத்தில். "நீங்கள் கண்ணால் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் விட்ட ஆபத்து ஒன்றை எழுதுங்கள்" என்றார் பயிற்றுநர்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஒரு மழை இரவு. பெட்டிகளை ஓடும் பட்டையில் மேலே ஏற்றும் வண்டியான பெல்ட் லோடரை விமானத்தின் சரக்குக் கதவை நோக்கி ஓட்டிப் போகிறேன். பிரேக்கை மிதித்தால் கால் பஞ்சுக்குள் இறங்குவதுபோல் இறங்குகிறது. முன்னால் நின்று வழிகாட்டியவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். விமானத்துக்கும் லோடரின் ரப்பர் முனைக்கும் ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு பெட்டி ஏற்ற ஆரம்பித்துவிட்டோம். அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், வளர்ந்த விதம் அப்படி. தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் வரிசையில், கிராணி (கணக்கர்) பெயர் வாசிக்கும் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் ஒரே பாடம்தான்: தப்பு நடந்தால் மேற்பார்க்கும் தண்டல் காதில் விழக்கூடாது.

ஆபத்தை மதிப்பிட ஒரு கட்டம் உண்டு. எத்தனை தடவை நடக்கலாம் என்பதற்கு 1 முதல் 5 வரை எண், எவ்வளவு மோசமாகும் என்பதற்கு ஏ (A) முதல் இ (E) வரை ஆங்கில எழுத்து. ஏ என்றால் பேரழிவு. நான் 2டி போட்டேன். பச்சை நிறக் கட்டம், பிரச்சினை இல்லை. வகுப்பில் பினாங்கு அக்கா ஒருவர் இருந்தார், விமானப் பராமரிப்பில் வேலை. அவர் கேட்டார்: "தம்பி, நம்ம ஊர்ல மழை வருஷத்துக்கு எத்தனை நாள் பெய்யுது?" எனக்குப் பதில் வரவில்லை. 2ஐ அழித்து 4 எழுதினேன். அவர் விடவில்லை. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி விமானங்களின் உடம்பு பெரும்பாலும் கார்பன் நார் கலந்த பொருள். இடித்தால் வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம் என்றார். அன்று இடித்திருந்து, அது யாருக்கும் தெரியாமல் விமானம் பறந்திருந்தால்? டி போய் பி ஆனது. 4பி, சிவப்புக் கட்டம்.

அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் வேலையிடத்து அறிக்கைப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். விமானத்தை நெருங்கும் முன்பு வண்டியை நிறுத்தி பிரேக்கைச் சோதிக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அவசரத்தில் அன்று அதை நான் செய்யவில்லை என்பதையும் எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதத்தான் ரொம்ப நேரம் பிடித்தது.

இணையப் பாதுகாப்பு சீக்கிரம் ஓடிவிட்டது. 2025 மார்ச்சில் கோலாலம்பூர் விமான நிலையக் கணினிகள் தாக்கப்பட்டதும், தாக்கியவர்கள் கேட்ட 10 மில்லியன் அமெரிக்க டாலரைத் தர முடியாது என்று பிரதமர் அன்வார் சொன்னதும் நமக்குத் தெரிந்த கதைதான். அதே ஆண்டு செப்டம்பரில் பயணிகளைப் பதியும் ஒரே மென்பொருள் முடங்கியதால் ஹீத்ரோ, பிரசல்ஸ், பெர்லின் மூன்றும் தடுமாறியதைக் காட்டினார்கள். நடுவில் 'ரோஸ்டர் (வேலை நேர அட்டவணை) மாற்றம்' என்ற தலைப்பில் பயிற்சி நிலையமே ஒரு போலி மின்னஞ்சல் அனுப்பியது. அதிலிருந்த இணைப்பை முதலில் அமுக்கியவர்களில் நானும் ஒருவன். லீவு கிடைத்திருக்குமோ என்ற ஆசைதான்!

சுற்றுச்சூழல் பகுதியில்தான் வீடே வகுப்புக்குள் வந்தது. பன்னாட்டு விமானங்களின் கரியமில வாயுக் கணக்குக்கு இக்காவோ வைத்திருக்கும் திட்டம் கோர்சியா. அதில் சாதாரண விமான எண்ணெய்க்கு ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 89 கிராம் என்று கணக்கு. செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள், மில் கழிவுநீர்க் குளம் திறந்து கிடந்தால் 99.1. குளத்தை மூடி மீத்தேனைப் பிடித்தால் 76.5. இரண்டிலும் நிலப் பயன்பாடு மாறுவதற்கான 39.1 சேர்ந்திருக்கிறது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "அந்தக் குளத்து நாத்தத்துக்குக்கூட நம்பர் போட்டுட்டானுங்களா?" என்றார். அந்த நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். அது மீத்தேன் இல்லை, மீத்தேனுக்கு வாசனை கிடையாது என்று சொன்னேன். நம்பவில்லை.

பொரித்து முடித்த எண்ணெயில் செய்தால் வெறும் 13.9. அம்மா அந்த எண்ணெயை டின்னில் ஊற்றி வைப்பார், வேனில் ஓர் ஆள் வந்து கிலோ கணக்கில் வாங்கிப் போவார். விஷயத்தைச் சொன்னேன். "அப்போ இவ்வளவு நாளா என்னை ஏமாத்தியிருக்கான்" என்றார் அம்மா. அடுத்த வாரமே விலை பேசியிருக்கிறார், கொஞ்சம் ஏறியிருக்கிறது.

தேர்வு அன்று மழை, இணையம் அறுந்தது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் மாறி, கேமரா முன் அசையாமல் உட்கார்ந்து முடித்தேன். பாஸ்.

அறிக்கை கொடுத்த நான்காம் நாள் மேலாளர் கூப்பிட்டார். திட்டு விழும் என்று நினைத்துப் போனேன். லோடர் எண்ணை மட்டும் கேட்டார். மாலையில் அந்த வண்டி சிவப்பு அட்டை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றது. பிரேக் கட்டை தேய்ந்து போயிருந்ததாம். சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு ஷிப்ட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, அது எனக்கும் ஒரு தடவை வழுக்குச்சு."