தேய்ந்த நாசில் சொல்வது

எண்ணெய்க் கிணற்றில் கேஸ் கசிந்தால், மணல் கலந்த தண்ணீரைப் பீய்ச்சிக் குழாயை வெட்டி, அந்த வழியாகச் சிமெண்டைத் தள்ளிக் கசிவை அடைப்போம். வெட்டுவது ஜெட்டிங் கருவி. கிணற்றிலிருந்து திரும்பி வந்த அதை மணலிப் பட்டறை மேசையில் பிரித்தால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் பீய்ச்சும் முனையான நாசிலின் ஓட்டையைத்தான். புதிதில் 4.8 மி.மீ. இருந்திருக்கும். டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத் தண்டைத் திருப்பி விட்டுப் பார்ப்போம். 5.3 சுலபமாக உள்ளே போனால் கீழே வேலை பாதியில் நொண்டியிருக்கிறது. அரை மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் ஓட்டையின் பரப்பு 22 சதவீதம் கூடிவிட்டது. பம்பு அதே அளவு தள்ளினாலும் நாசிலில் 200 பார் இருந்த அழுத்தம் 135 பாருக்கு வந்திருக்கும். அந்த அழுத்தத்தில் மணல் இரும்பைச் சுரண்டும், வெட்டாது.

வடசென்னையில் எண்ணெய்க் கிணறு கிடையாது. மணலியில் 1969 முதல் ஓடுவது சுத்திகரிப்பு ஆலை. கிணறுகள் திருவாரூர், நாகைப் பக்கம். பட்டறையில் இருப்பவர்களுக்கு அதனாலேயே ஒரு சங்கடம்: கசிவை நேரில் பார்க்காமல், திரும்பி வந்த இரும்பை வைத்தே கீழே நடந்ததைப் படிக்க வேண்டும்.

கசிவு எப்படி வருகிறது? கிணற்றில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கேசிங் குழாய்கள் இறங்கியிருக்கும். குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் சிமெண்ட். அது இறுகும்போது சுருங்கினாலோ, குழாய் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து பழைய சேறு அங்கேயே தங்கிவிட்டாலோ, முடியளவு இடுக்கு விழும். கேஸுக்கு அந்த இடுக்கே போதும். வெளிக் கேசிங் வால்வில் பிரஷர் காட்டும், திறந்தால் இறங்கும், மூடினால் மறுநாள் பழையபடி ஏறும். கேஸ் மேலே தலைகாட்டும் இடம் ஒன்று, கிளம்பும் இடம் இன்னொன்று. தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்; 2013இல் போர் தண்ணீரில் எண்ணெய் வந்தபோது ஓட்டை இருந்தது மண்ணுக்கடியில் போன பைப்லைனில்.

ஆகவே வெட்டுவதற்கு முன்னால் லாக், அதாவது கிணற்றுக்குள் அளவுக் கருவியை இறக்கி ஆழவாரியாக எடுக்கும் பதிவு. கேஸ் இடுக்கில் விரிந்து வரும் இடத்தில் குளிரும், டெம்பரேச்சர் லாக்கில் அது பள்ளமாகத் தெரியும். நாய்ஸ் லாக்கில் சீறல் கேட்கும். சிமெண்ட் எங்கே பிடித்திருக்கிறது என்பதை பாண்ட் லாக் காட்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கேஸ் வரும் அடுக்குக்கு மேலே இருக்கிற இறுக்கமான களிப்பாறையில் வெட்டும் இடத்தைக் குறிக்க வேண்டும். களிப்பாறையை விட்டு மணற்பாறையில் வெட்டினால், அடைத்த சிமெண்டைச் சுற்றிக்கொண்டு கேஸ் போய்விடும்.

வெடிக் குண்டு வைத்த கன்னாலும் ஓட்டை போடலாம். அதுதான் சீக்கிரம். ஆனால் சின்ன ஓட்டை. இடுக்கு இரண்டு ஓட்டைக்கு நடுவில் ஓடினால் தவறவிடும். அதிர்ச்சியில் பக்கத்து நல்ல சிமெண்டும் விரிசல் விடலாம். மணல் ஜெட் அதிர்வில்லாமல் கேசிங், சிமெண்ட், பாறை மூன்றையும் சேர்த்து நீளமாகக் கீறும். மெல்லிய கசிவுக்கு அதுவே எங்கள் தேர்வு.

கணக்கு இப்படி வரும். 120 டிகிரி இடைவெளியில் மூன்று டங்ஸ்டன் கார்பைட் நாசில். 200 பார் வித்தியாசத்தில் ஒவ்வொன்றும் நிமிஷத்துக்குச் சுமார் 200 லிட்டர் விடும், ஆக 600. தண்ணீர் நொடிக்கு 190 மீட்டர் வேகத்தில் வெளியேறும். 20/40 மெஷ் சல்லடை அளவு மணல் கன மீட்டருக்கு 100 கிலோ. ஒரு இடத்தில் 15 நிமிஷம் வெட்டினால் 9 கன மீட்டர் தண்ணீர், 900 கிலோ மணல், அதாவது 18 மூட்டை. மணலைத் தாங்கிப் பிடிக்க கன மீட்டருக்கு இரண்டரை கிலோ குவார் பவுடர். குவார் வேறு எதுவுமில்லை, நம் வீட்டுப் பொரியலில் வரும் கொத்தவரங்காயின் விதைதான்.

மூட்டையை எண்ணூர்க் காற்றில் திறந்து வைத்தால் ஈரம் ஏறி மணல் கட்டியாகும். ஹாப்பரில் விட்டு விட்டு விழும், வெட்டும் அதேபோல் விட்டு விட்டு விழும். நாசிலை அடைப்பது மணல் அல்ல. மிகப் பெரிய மணியே 0.85 மி.மீ.தான். அடைப்பது, கருவியைத் தாங்கித் தண்ணீரைக் கீழே கொண்டுபோகும் ட்யூபிங் குழாயின் உள்ளே உரியும் துருச் செதில். அதனால் முதலில் வெறும் தண்ணீரால் அலசி, சல்லடையில் செதில் வருவது நின்ற பிறகே கருவியைக் கோர்க்க வேண்டும். மணல் கொட்டுகிறவருக்குச் சரியான முகமூடி கட்டாயம். சிலிக்கா தூசிக்குத் துண்டைக் கட்டிக்கொள்வது பத்தாது.

கருவி நடுவில் நிற்பதும் முக்கியம். தண்ணீருக்குள் பாயும் ஜெட், ஓட்டையின் அகலத்தைப் போல ஐந்தாறு மடங்கு தூரம்தான் வேகம் குறையாமல் போகும். இங்கே 25 முதல் 30 மி.மீ. 7 அங்குல கேசிங்கின் உள்விட்டம் 157 மி.மீ., கருவி 114. நடுவில் நின்றால் இடைவெளி 21. ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப் பக்கம் 43 ஆகிவிடும். அங்கே 10 மி.மீ. இரும்பில் பளபளப்பான பள்ளம் மட்டும் விழும். கருவியை நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசரின் ஒரு பக்கப் பட்டை மட்டும் தேய்ந்து வந்தால் கதை அதுதான்.

பம்பு ஏறும்போது ட்யூபிங்கின் நீளமும் சில சென்டிமீட்டர் மாறும். அதனால் சுத்தத் தண்ணீரில் முழு பிரஷருக்குக் கொண்டுவந்து நிலைத்த பிறகே மணல். முன்னதாகவே போட்டால் ஒரே கோட்டில் வெட்டாமல் இழுத்துப் பூசிவிடும்.

ஏமாற்றும் தருணம் பத்தாவது நிமிஷத்தில் வரும். "அண்ணே, பிரஷர் இறங்குது, வெட்டிடுச்சு போல" என்று பம்புக்காரர் சொல்வார். பெரும்பாலும் அது நாசில் தேய்வு. கேசிங் துளைபட்டதால் நாசிலுக்குக் குறுக்கே உள்ள அழுத்தம் மாறாது. மெதுவாக இறங்கினால் தேய்வு, ஒரேயடியாக விழுந்தால் நாசில் கழன்றுவிட்டது, திடீரென ஏறினால் அடைப்பு. துளை விழுந்ததற்குச் சாட்சி திரும்பி வரும் தண்ணீரில் தெரியும் சிமெண்ட் தூளும் களியும். கூடவே கேஸும் வரலாம், எனவே கிணற்று வாயை அடைக்கும் பிஓபியும் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வும் தயாராக இல்லாமல் மணல் ஏற்றவே கூடாது.

வெட்டியதும் பம்பை நிறுத்தும் அவசரம்தான் கருவியைச் சிக்க வைக்கிறது. 73 மி.மீ. ட்யூபிங்கைச் சுற்றித் தண்ணீர் மேலே ஏறும் வேகம் நிமிஷத்துக்கு 40 மீட்டர். 1000 மீட்டர் ஆழமென்றால் 25 நிமிஷம். அதைப்போல இரண்டு மடங்கு நேரம் அலசினால் நிம்மதி. இந்த அலசல்தான் இடுக்கில் உறைந்த சேற்றையும் கிளப்புகிறது. சேறு இருக்கும் இடத்தில் சிமெண்ட் ஒட்டாது.

பிறகு தண்ணீர் தள்ளிப் பார்த்து, எவ்வளவு உள்வாங்குகிறது என்று கணக்கெடுப்போம். கொஞ்சம்தான் போகிறதென்றால் எண்ணெய்க் கிணற்றுக்கான சாதாரணக் கிளாஸ் ஜி சிமெண்ட் இடுக்கின் வாயிலேயே வடிகட்டி நின்றுவிடும். மிக நைசாக அரைத்த மைக்ரோ சிமெண்ட்தான் நுழையும். பாறை உடையும் அழுத்தத்துக்குக் கீழே, சிமெண்டைக் கொஞ்சம் தள்ளி, பத்துப் பதினைந்து நிமிஷம் நிறுத்தி, மறுபடி கொஞ்சம். 24 மணி நேரம் இறுக விட்டு, உள்ளே மிச்சமிருப்பதைத் துளையிட்டு எடுத்து, பிரஷர் டெஸ்ட்.

கடைசியில் ஒரு ரப்பர் ஹோஸும் வாளியும். வெளிக் கேசிங் வால்விலிருந்து ஹோஸை 2.5 செ.மீ. தண்ணீருக்குள் விட்டு 10 நிமிஷம் பார்க்க வேண்டும். குமிழி வராவிட்டாலும் அன்றே கையெழுத்து வேண்டாம். வால்வை மூடி வாரக்கணக்கில் கேஜைப் படிக்க வேண்டும், முடியளவு இடுக்கில் கேஸ் நிதானமாகத்தான் சேரும். அதுவரை மூன்று நாசிலையும் எண் போட்ட டப்பாவில் வைத்திருப்போம். முள் மறுபடி ஏறினால், எந்தப் பக்கம் வெட்டாமல் விட்டது என்று அந்த டப்பாவைத் திறந்துதான் தேடுவோம்.