என் கோபத்தைப் பாய் நெய்கிறவளுக்குக் கொடுத்தேன்

கதை எழுதும்போது என் குணம் மொத்தத்தையும் ஒரே ஆளுக்குக் கொடுக்க மாட்டேன், பிரித்துத்தான் கொடுப்பேன். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவது என் சுபாவம். அதை இப்போது பத்தமடையில் பாய் நெய்கிற ஒரு அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறேன். மகன் வாசலில் நின்று "எம்மா, ஏதாச்சும் சொல்லேன்" என்று கெஞ்சுகிறான், அவளோ பாவு நூலுக்குள் கோரையை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே இருக்கிறாள், நிமிரவே இல்லை. அந்த மௌனம் எதிரில் நிற்பவனை என்ன பாடு படுத்தும் என்று மகன் பக்கம் நின்று எழுதும்போதுதான் தெரிகிறது. நடிகருக்கு வேஷம் போல, எனக்கு வேறு ஊர், வேறு தொழில், வேறு வயது வேண்டும். அப்போதுதான் உண்மையைக் கூசாமல் எழுத வருகிறது. அப்புறம், என் அவசரபுத்தி இன்னும் மிச்சம் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஓடி ஏறுகிற மருமகளுக்கு அது சரியாகப் பொருந்தும்.