மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு, மேற்குச் சுவருக்கு நிழல்

எங்கள் அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டத்தில் இந்த மாதமும் அதே பேச்சுதான். மொட்டை மாடிக்குக் கூலிங் டைல்ஸ், அதாவது வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடு, போடலாம் என்று நான் ஆரம்பித்தால், கீழ்வீட்டு அண்ணன், "வெக்கை மேல்மாடிக்காரங்களுக்குத்தானேம்மா, அவங்களே போட்டுக்கட்டும்" என்கிறார். நான் இருப்பது இரண்டாம் மாடி. ஆனாலும் இதை விடுவதாக இல்லை. மழைத் தண்ணீர் கசிந்தால் எல்லோரும் சேர்ந்துதானே செலவழிக்கிறோம்? வெயில் இறங்கினால் மட்டும் அது அவர்கள் பாடா?

சித்திரை மாதம் இரவு எட்டு மணிக்கு மேல்மாடியான ஐந்தாம் மாடிக்குப் போய், ஸ்டூலில் ஏறி, பரணுக்கு மேலே சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். சுடும். பகலெல்லாம் வாங்கிய வெயிலை கான்கிரீட் அப்போதுதான் வீட்டுக்குள் இறக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூடுதான் தலையில் விழுகிறது. அந்த வீட்டு அம்மாச்சி ஹால் தரையைத் துடைத்துவிட்டு, ஈரம் காயுமுன் அதிலேயே படுத்துக்கொள்கிறார். ஏசி இருக்கிறது. கரண்ட் பில்லுக்குப் பயந்து பாதி ராத்திரியில் நிறுத்திவிடுகிறார்கள்.

எங்கள் மதுரை பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் நடுவில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். முதல் அடி மொட்டை மாடிக்குத்தான். மூன்று மணிக்கு மேல் மேற்குச் சுவருக்கு. சாய்ந்து வரும் அந்த வெயிலை சன்ஷேடு தடுக்காது. ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டும் பிரயோஜனம் இல்லை. கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வந்ததுதான். மூங்கில் தட்டியானாலும் சரி, வெளியே கட்ட வேண்டும்.

கனடாவில் ஹாமில்டனில் இருக்கும் என் தம்பி, அங்குள்ள கென் சோபல் டவரைப் பற்றிச் சொன்னான். 1967-இல் கட்டிய 18 மாடி, 146 வீடுகள். இடிக்காமல், கட்டடம் முழுக்க ஸ்வெட்டர் போட்ட மாதிரி வெளிச்சுவருக்கு இன்சுலேஷன் போர்த்தி, காற்று புகாத ஜன்னல் வைத்து, 2021-இல் புதுப்பித்து முடித்தார்களாம். "நீங்களும் செய்யலாமேக்கா" என்றான். பனி ஊரில் உள்ளிருக்கும் சூட்டைக் காப்பாற்ற வேண்டும். நமக்கோ ராத்திரி ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்ற வேண்டும். ஜன்னல் திறந்தே கிடக்கும் வீட்டுக்குச் சுவரைப் போர்த்துவதைவிட, வெயில் படாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. சிங்கப்பூரில் தெம்பனீஸ் பகுதி அடுக்குமாடிகளுக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் பெயிண்ட் அடித்துப் பார்த்ததும் இந்தக் கணக்கில்தான்.

இந்தியாவிலும் 2018-இல் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று, மின்சாரத்தை மிச்சப்படுத்தும்படி வீடு கட்டுவதற்கான விதித்தொகுப்பு வந்தது. அது புதிதாகக் கட்டுபவர்களுக்கு. எங்களைப் போன்ற பழைய கட்டடத்துக்காரர்கள் தாங்களாகவே இறங்கினால்தான் உண்டு.

கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் டைல்ஸ் பேச்சையே எடுக்கவில்லை. பழைய தட்டோட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். வடகிழக்கு மூலையில் சத்தம் மாறியது. "இங்க அடியில விட்டுருச்சுக்கா. இதைக் கொத்தி எடுத்து, வாட்டம் சரி பண்ணாம மேல எதை ஒட்டினாலும் தண்ணி நின்னு ஒழுகும்" என்றார். வழவழப்பு வேண்டாம், மழையில் வழுக்கும், சொரசொரப்பான வெள்ளை டைல்ஸ் வாங்குங்கள் என்பதும் அவர் சொன்னதுதான். போட்டதோடு முடிவதில்லை, நம் ஊர் தூசிக்கு, கோடைக்கு முன் கழுவிவிட வேண்டும். அழுக்கேறிய வெள்ளை வெயிலைத் திருப்பியனுப்பாது.

ஃபேன் அவரவர் வீட்டு விஷயம். பழையது 75 வாட் இழுக்கும் இடத்தில் கரண்ட் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் அளவே போதும்.

மொட்டை மாடிச் செலவைச் சதுர அடிக் கணக்கில் எல்லா வீடும் பகிர வேண்டும் என்பதே என் கோரிக்கை. கொட்டேஷன் வாங்கிவிட்டேன். அடுத்த கூட்டத்தை ஐந்தாம் மாடி ஹாலில், சாயங்காலம் ஏழு மணிக்கு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.